1755-ஐக் கால் அறியும்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் நடப்பவருக்கு நகரத்தின் வரலாற்றை முதலில் சொல்வது கெண்டைக்கால்தான். தெரு மட்டமாகவும் நேராகவும் ஓடினால் அது 1755-க்குப் பிறகு போடப்பட்டது. மூச்சு வாங்க ஏறி, திடீரென்று வளைந்து, பாதியில் படிக்கட்டாக மாறினால் அது 1755-க்கு முந்தையது. பழைய நகரத்துக்குள் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. பேருந்திலோ சுற்றுலா ஆட்டோவிலோ போகிறவருக்கு இது பிடிபடாது. அதனால்தான் லிஸ்பனுக்குப் புறப்படும் நண்பர்கள் யோசனை கேட்டால், ஒரு முழு நாளாவது வண்டி ஏறாதீர்கள் என்று சொல்கிறேன்.

நடையை ஆற்றங்கரையில் தொடங்க வேண்டும். தேஜு ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்கு முன் அகன்று விரிந்து நிற்கும் இடத்தில், மூன்று பக்கம் மஞ்சள் நிறக் கட்டடங்களும் நான்காவது பக்கம் தண்ணீருமாக ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. அரசாங்கப் பெயர் வணிகச் சதுக்கம். ஊர்க்காரர்கள் இன்றும் 'தெரெய்ரு து பாசு', அதாவது அரண்மனைத் திடல் என்றுதான் சொல்கிறார்கள். அந்த அரண்மனை இல்லாமல் போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே ஆற்றுக்குள் இறங்கும் படித்துறையில் காலை ஏழு, ஏழரைக்கு நின்றால் கூட்டம் இருக்காது. அக்கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைச் சுமந்துகொண்டு படகுகள் வந்துகொண்டிருக்கும்.

இங்கே நின்றுதான் அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1755 நவம்பர் 1, சனிக்கிழமை, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், கோயில்களில் மக்கள் நிறைந்து பூசை நடந்துகொண்டிருந்தபோது பூமி அதிர்ந்தது. கூரைகள் விழுந்தன. தப்பியவர்கள் இடிபாடு இல்லாத திறந்தவெளி என்று இந்த ஆற்றங்கரையைத் தேடி ஓடி வந்தார்கள். தண்ணீர் பின்வாங்கி ஆற்றுப்படுகை தெரிந்ததைப் பார்த்தார்கள். பிறகு அலைகள் வந்தன. 2004 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் நடந்ததை அறிந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விவரிக்க வேண்டியதில்லை. திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. அரண்மனையும் அதன் நூலகமும் அழிந்தன. அந்த ஆண்டு வசந்தத்தில்தான் திறக்கப்பட்ட ஓபரா அரங்கம் ஏழே மாதத்தில் தரைமட்டமானது. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

அரச குடும்பம் அன்று ஊருக்கு வெளியே பெலெமில் இருந்ததால் பிழைத்தது. அரசர் முதலாம் ஜொசேவுக்குக் கல் கூரையின் கீழ் தங்கும் துணிவு அதன்பின் வரவே இல்லை. அஜூடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் கட்டிய குடியிருப்பிலேயே மீதி வாழ்க்கையைக் கழித்தார். சதுக்கத்தின் நடுவே குதிரைமேல் வெண்கலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான். சிலையை மஷாடு த கஸ்ட்ரு வடித்தார், 1775-ல் நிறுவினார்கள். பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர்பெற்ற அமைச்சரின் உருவம் அதன் பீடத்தில் பதக்கமாக இருக்கிறது. நகரத்தை மீட்டெடுத்த அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. எதிரிகளை ஈவிரக்கமில்லாமல் ஒடுக்கியவர் அவர். இடிந்த நகரத்தை எழுப்புவதில் அவர் காட்டிய தெளிவையும் மறுக்க முடியாது. நாட்டின் பங்குக் கோயில்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணறுகளில் நீர்மட்டம் மாறியதா என்று கேட்டார். பேரழிவைக் கடவுளின் தண்டனை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி விவரம் திரட்டியது பெரிய காரியம். நிலநடுக்க ஆய்வின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

தலைமைப் பொறியாளர் மனுவேல் த மாயாவுக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது. இருந்தபடியே கட்டலாம், தெருக்களை அகலப்படுத்தலாம், தாழ்ந்த பகுதியை முழுக்க இடித்து மட்டமாக்கிப் புதிதாகப் போடலாம், இல்லையேல் நகரத்தையே வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வழிகளை வரிசைப்படுத்தி அறிக்கை எழுதினார். தாழ்நகரத்தைப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. ஏவுஜேனியு துஸ் சாந்துஸ், கார்லுஸ் மர்டேல் ஆகியோர் வரைந்த திட்டப்படி எழுந்த பகுதிதான் பைஷா. சதுக்கத்தின் பெரிய வளைவைத் தாண்டி உள்ளே போனதும் கால் லேசாகிறது. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் தெருக்கள், ஒரே உயரம், ஒரே அளவு ஜன்னல்கள். தெருக்களை 1760-ல் தொழில்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைய பெயர்களும் அதையே சொல்கின்றன: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, துணி வணிகர் தெரு, முலாம் பூசுவோர் தெரு.

இந்தக் கட்டடங்கள் பார்க்க அலுப்பூட்டுகின்றன என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவற்றின் பெருமை சுவருக்குள் ஒளிந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் குறுக்குச் சட்டங்கள் கோத்த மரச்சட்டகம் ஒன்று நிற்கிறது. 'கையோலா', கூண்டு என்று அதற்குப் பெயர். பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். வெளிச்சுவர் விழுந்தாலும் கூண்டு நிற்கும் என்பது கணக்கு. மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை ஓங்கி மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்பார்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு நகரப் பகுதி முழுவதையும் ஒரே முறையில் கட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. தோல் வேலை செய்வோர் தெருவில் ஒரு வங்கியின் அடித்தளத்துக்குள் இறங்கிப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஈர மண்ணில் கட்டடத்தைத் தாங்க அடித்த மரமுளைகள் தெரிகின்றன. அவற்றின் பக்கத்திலேயே ரோமானியர்கள் மீனை உப்பிட்டு ஊறவைத்த தொட்டிகளும் இருக்கின்றன. லிஸ்பனில் ஒரே ஓர் உட்புறத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், மேட்டின்மேல் இருக்கும் கோட்டையை விட்டுவிட்டு இந்த நிலவறைக்கே போகச் சொல்வேன்.

பைஷாவின் வடக்கு முனையில் ரொசியூ சதுக்கம். தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக அலை வடிவம். வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் மட்டமான தரை உண்மையிலேயே ஏறி இறங்குவதுபோல் தோன்றி, கால் தயங்கும். கையளவுச் சுண்ணாம்புக் கற்களைச் சுத்தியலால் தட்டி வடிவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பாவிச் செய்த வேலை இது. 1842-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த எவுசேபியு ஃபுர்தாடு, அங்கிருந்த கைதிகளைக் கொண்டு முதன்முதலில் இப்படியொரு கோலத்தைப் போடவைத்தார். அது பிடித்துப்போய், 1848-ல் ரொசியூவுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு நகரம் முழுவதும், அங்கிருந்து பிரேசில், மக்காவ் வரைக்கும் இந்தக் கல் வேலை பரவியது. கல் பாவுகிறவர் தெருவோரம் குந்தி, இடக்கையில் கல்லைத் திருப்பித் திருப்பி, பார்க்காமலே தட்டுகிற லாகவத்தை நின்று கவனியுங்கள். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இந்தத் தொழிலாளர்கள் இன்று சில பத்துப் பேர்தான். கைத்தொழில் அற்றுப்போகக் கூடாதென்று 1986-ல் மாநகராட்சி பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கியது. முதுகு ஒடியும் வேலைக்குச் சம்பளம் குறைவு. இளைஞர்கள் வருவது அரிது.

மழை பெய்தால் இந்தக் கற்கள் வழுக்கும். தேய்ந்து மினுங்கும் சரிவுகளில் முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவது ஊரில் அடிக்கடி பேசப்படும் துயரம். 2014-ல் மாநகராட்சி நடைபாதைத் திட்டம் ஒன்றை ஏற்று, சில இடங்களில் கல்லை எடுத்துவிட்டு வேறு தளம் போட முனைந்தபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சதுக்கங்களிலும் அகன்ற நடைபாதைகளிலும் இந்தக் கலை அப்படியே வாழ வேண்டும். பாட்டிமார்கள் காய்கறிப் பையோடு ஏறி இறங்கும் செங்குத்துச் சந்துகளில் பிடிமானமுள்ள தளம் ஒரு கீற்றாவது வேண்டும். வெளியூர்க்காரரின் புகைப்படத்தைவிட அந்த ஊர்க் கிழவியின் இடுப்பெலும்பு பெரிது. நீங்கள் போவதென்றால் ரப்பர் அடிப்பாகமுள்ள பழகிய காலணி அவசியம். புதுக் காலணியோடு லிஸ்பனுக்குப் போக வேண்டாம்.

ரொசியூவின் மூலையில் புனித தோமினிக் ஆலயம். 1959-ல் தீப்பிடித்தது. 1994-ல் மீண்டும் திறந்தபோது வெடித்த தூண்களையும் கருகிய கல்லையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார்கள். உள்ளே போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்தக் கோயிலுக்கு அதைவிடப் பழைய காயம் ஒன்று உண்டு. 1497-ல் யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். 1506 ஏப்ரலில் இந்தக் கோயிலில், சிலுவையில் தெரிந்த ஒளியை அற்புதம் என்று கூட்டம் கொண்டாட, அது வெறும் விளக்கொளி என்று அப்படி மதம் மாறிய ஒருவர் சொன்னதாகக் கூறுகிறார்கள். அவரை அடித்துக் கொன்ற கூட்டம் தெருக்களில் பரவியது. மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்கான நினைவுக்கல் 2008-ல்தான் கோயிலின் முன்னே வந்தது. இன்று அந்த முற்றத்தில் கினி-பிசாவிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள், கோலாக் கொட்டை விற்கிறார்கள். மேற்கே கொஞ்ச தூரத்தில் 'கறுப்பர் கிணறு' என்று ஒரு தெரு இருக்கிறது. இறந்த ஆப்பிரிக்க அடிமைகளின் உடல்களைப் போடுவதற்காக 1515-ல் மன்னர் மனுவேல் வெட்டச்சொன்ன குழியின் பெயர் அது. இந்த இரண்டு இடங்களையும் சுற்றிக்காட்டும் வண்டிகள் பெரும்பாலும் நிற்காமலே கடந்துவிடுகின்றன.

பைஷாவுக்கு மேற்கே ஷியாடு மேடு. ஏறுவதற்கு 1902-ல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்ட் இருக்கிறது, வரிசையும் நீளம். பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் அதைவிடச் சீக்கிரம் மேலே போய்விடலாம். மேலே கார்மு மடத்தின் கோயில், கூரையில்லாமல் வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. 1389-ல் தொடங்கிய அந்தக் கோயில் 1755-ல் விழுந்தது. மறுபடி கட்டத் தொடங்கியவர்கள், 1834-ல் துறவற மடங்கள் ஒழிக்கப்பட்டதும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேலே வளைவுகள் மட்டும் நிற்க, கீழே புல் வளர்கிறது. எதிரிலுள்ள சிறு சதுக்கத்தில் ஜகரண்டா மரங்கள். 1974 ஏப்ரல் 25 அன்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் மார்செலு கைத்தானு இங்குள்ள காவல்படைத் தலைமையகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தார். வெளியே வண்டிகளை நிறுத்திச் சரணடையச் சொன்னவர் சல்கெய்ரு மாயா என்ற 29 வயதுக் கேப்டன். சதுக்கத்திலும் மரங்களின்மேலும் மக்கள். மாலையில் ஆட்சி கைமாறியது. சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். எவ்வளவு சிறிய இடத்தில் ஒரு நாடு திரும்பியது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரிகிறது. இந்தச் சதுக்கத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஷியாடுவில் 1732-ல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக்கடை இன்றும் வியாபாரம் செய்கிறது. பக்கத்தில் கவிஞர் பெர்னாண்டு பெசோவாவின் வெண்கலச் சிலை. புத்தகப்பிரியர்கள் இரண்டையும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி கிழக்கே, சரிவுக்கு. இங்கே கைப்பேசி வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். அது லிஸ்பனைத் தட்டையாக வரைகிறது. வரைபடத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு தெருக்களுக்கு நடுவே நூறு படிகள் இருக்கும். ஊர்க்காரர்களிடம் இதற்கு வழி உண்டு. துணி வணிகர் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் மாநகராட்சியின் இலவச லிஃப்ட் ஓடுகிறது. மேலே இறங்கிச் சற்று நடந்தால் பழைய சந்தைக் கட்டடத்தில் இன்னொன்று. முழங்கால் வலி உள்ளவர்கள் கோட்டை மேட்டின் பாதியை இப்படியே ஏறிவிடலாம். இங்கே லிஃப்டும் சரிவு ரயிலும் குடியிருப்பவர்களின் அன்றாடத் தேவை. 2025 செப்டம்பர் 3-ல் குளோரியா சரிவு ரயில் விபத்தில் 16 பேர் இறந்தபோது, அவர்களில் வேலைக்காகத் தினமும் அந்த மேட்டில் ஏறி இறங்கியவர்களும் இருந்தார்கள்.

லிஸ்பன் பேராலயத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறிய கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதைத் தவறவிடக் கூடாது. உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் 'பதுவைப் பதியர்' என்று நம் மக்கள் கைகூப்பும் அந்தோணியார் பிறந்தது இத்தாலியின் பதுவையில் அல்ல, இங்கேதான். 1195-ஐ ஒட்டிப் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டு. பேராலயத்தின் நிழலில் வளர்ந்து, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, 1231 ஜூன் 13-ல் பதுவை அருகே இறந்தார். பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் நிலவறைப் பீடம் இருக்கிறது. மேலிருந்த கோயில் 1755-ல் விழுந்தபோது, அதைத் திரும்பக் கட்டச் சிறுவர்கள் தெருத்தெருவாகப் பீடம் ஜோடித்து 'அந்தோணியாருக்கு ஒரு காசு' என்று தண்டினார்கள். அவருடைய திருநாளுக்கு முந்தைய ஜூன் 12 இரவு இந்த மேடு முழுக்க மத்தி மீன் சுடும் புகை மணக்கும். சிறு மண்தொட்டியில் துளசி இனத்துச் செடியை வைத்து, அதில் ஒரு காதல் கவிதைச் சீட்டைச் செருகி விற்பார்கள்.

அங்கிருந்து கிழக்கே இறங்குவது அல்ஃபாமா. கெட்டியான பாறைமேல் இருந்ததால் நிலநடுக்கத்தில் பெருமளவு தப்பிய பகுதி இது. ஆற்று மண்மேல் இருந்த பைஷா அழிந்தது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்துச் சந்துகளின் வளைவு இன்னும் மாறவில்லை. 1147-ல் அஃபோன்சு என்ரிக்கஸ் சிலுவைப் போர்வீரர்களின் துணையோடு நகரத்தைப் பிடித்தார். அதற்குப்பின் பெரிய மசூதி இருந்த இடத்தில்தான் பேராலயம் எழுந்தது. அல்ஃபாமாவில் வழி கேட்காதீர்கள், மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே போனால் எப்படியும் ஆறு வந்துவிடும். கைகளை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும் சந்து. மேலே உலரும் துணி. திறந்த ஜன்னலிலிருந்து வானொலி. இரவில் ஃபாடு பாட்டு. 2011-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சந்துகளில் கதவோரம் எண்பூட்டு போட்ட சிறு சாவிப்பெட்டிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் குடும்பம் போய், நாள்வாடகை அறையாக மாறிய வீடு. அந்நிய முதலீட்டாளர் வீடு வாங்கினால் வசிப்புரிமை தந்த திட்டத்தை அரசு 2023-ல் நிறுத்தியது. அதற்குள் வாடகை ஏறி, பிறந்து வளர்ந்தவர்கள் ஆற்றுக்கு அக்கரை போய்விட்டார்கள். பக்கத்து மேடான மொராரியாவில் ஒரு சந்தில், அங்கே வாழ்ந்த முதியவர்களின் புகைப்படங்களைச் சுவரிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். இப்பகுதியில் தங்க வேண்டியிருந்தால், குடும்பம் காலிசெய்த வீட்டைத் தவிர்த்து விடுதி அறையில் தங்குவது நாம் செய்யக்கூடிய சிறு நியாயம். தெருமுனைக் கடையில் நின்று காபி குடியுங்கள். அந்தக் கடைதான் மிச்சமிருப்பவர்களின் முற்றம்.

மறுநாள் மேற்கே, ஆற்றை ஒட்டி ஆறேழு கிலோமீட்டர், பெலெம் வரை. நெடுகச் சமதரை, நடுவில் 1966-ல் திறந்த செந்நிறப் பாலத்தின் கீழே போகிறோம். கட்டியபோது சர்வாதிகாரி சலசாரின் பெயர், இன்று 'ஏப்ரல் 25 பாலம்'. பெலெமில் பெரிய கூட்டம் இரண்டு இடத்தில் நிற்கும். ஒன்று 1837-லிருந்து முட்டைக்கரு அப்பம் சுடும் கடை. சூடாக, மேலே லவங்கப்பட்டைத் தூள் தூவிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பட்டைக்காகத்தான் இலங்கைக் கரையில் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள். இன்னொன்று ஜெரோனிமுஸ் மடம். 1501-ஐ ஒட்டித் தொடங்கி, ஆப்பிரிக்க, கிழக்கு நாட்டு வணிக வரியின் பணத்தில் வளர்ந்த வெண்கல் பேரெழில். நிலநடுக்கத்தில் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பியது. கொச்சியில் 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவின் கல்லறை, வாசலுக்குள் நுழைந்ததும் இடப்புறம் இருக்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே மடத்தின் நீண்ட மேற்குப் பகுதி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில் 1554-ல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு நூலின், உலகில் அறியப்பட்ட ஒரே படி இருக்கிறது. பெயர் 'கார்த்தில்யா'. கிறிஸ்தவச் செபங்களும் கட்டளைகளும் தமிழில். தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருளோடு. அச்சேறிய முதல் தமிழ் நூல் இதுதான். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 24 ஆண்டு கழித்து, 1578-ல். கார்த்தில்யாவைத் தமிழ் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகளார். காமாவின் கல்லறைக்குப் போகும் கூட்டத்தில் நம்மவர் பலர் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சுவருக்கு அப்பாலிருக்கும் நூலைப் பற்றித் தெரியும் என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த நூலை உருவாக்கியவர்கள் அப்போது லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன: விசெந்தி த நசரே, ஜோர்ஜ் கார்வாலு, தோமா த குருஸ். பெற்றோர் இட்ட பெயர் தெரியாது. அன்றைய லிஸ்பனின் செல்வமெல்லாம் புழங்கிய வணிகர் புதுத்தெருவில் அவர்கள் நடந்திருக்கக்கூடும். அந்தத் தெரு இன்று பைஷாவின் அடியில் புதைந்து கிடக்கிறது. 1554-ல் ஜெரோனிமுஸ் மடம் இன்னும் கட்டி முடியவில்லை. கல்தச்சர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.